செத்த தோணிக்காரன் கதவைத் திறந்தான்

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று மூன்று லிஃப்ட் சோதித்துப் பார்த்தேன். இரண்டு தேறின. மூன்றாவதில் கதவு ஒரு விரல் அளவு மூடாமல் நிற்கிறது. முத்திரை போடாமல் பூட்டிவிட்டு வந்தேன். ஆறாவது மாடிக்காரம்மா திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. திட்டட்டும், விழுந்தால் அவள்தானே விழுவாள்.

மதியச் சாப்பாட்டில் ஹூபர்ட், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், வியாழக்கிழமை பியர் குடிக்க வருகிறாயா என்றான். முடியாது, ஆட்டம் இருக்கிறது என்றேன். சீட்டா என்றான். விளக்க வேண்டியதாகிவிட்டது. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். மூன்று பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். நாலாவது ஆளான நான் உலகத்தைச் சொல்வேன். எங்கே மழை, எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எதிரே வருபவன் யார், அவன் என்ன பேசுகிறான், எல்லாம் நான்தான். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வார்கள். நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். பதினோரு வருடமாக ஒரே கதை.

"பதினோரு வருஷமா? யாரு ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்கப்பா. அப்படியே போகும்."

"அப்புறம் எதுக்கு ஆடுறீங்க?"

இரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசிக் கொன்றிருப்பேன். இன்று சூப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 5, வியாழன்

ஆடினோம், ஸெனோன், லுத்விகா, போக்னா, நான். மற்றவர்களுக்குத் தெரியாமல் மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டுகிறேன், சத்தம் கேட்கிறது, என்ன விழுந்தது என்று நான் பார்ப்பதே இல்லை. தோன்றியதைச் சொல்கிறேன். எப்போதிலிருந்து இப்படி? வசந்தத்திலிருந்தே இருக்கும்.

அக்டோபர் 8, ஞாயிறு

வியாழனுக்குத் தயாரிக்க உட்கார்ந்தேன். முன்பெல்லாம் ஞாயிறு என்றால் எனக்குத் திருவிழா. வரைபடம் வரைவேன், ஊர்களுக்குப் பெயர் வைப்பேன், காய்கறி விற்கிறவளுக்குக்கூட ஒரு குடும்பக் கதை எழுதுவேன். இன்று நோட்டைத் திறந்து மேலே தேதி போட்டேன். பிறகு தேநீர்க் கெட்டிலில் படிந்த உப்புக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

நிறுத்திவிடலாம். ஒரே வார்த்தை — போதும். யார் கழுத்தைப் பிடிக்கப் போகிறார்கள்?

ஆனால் போக்னா.

இங்கே நான் மட்டும்தானே படிக்கப் போகிறேன், எழுதிவிடுகிறேன். என் மனைவிக்கும் எனக்கும் வாரத்தில் ஆறு நாள் பேச ஒன்றும் கிடையாது. ரொட்டி இருக்கா. இருக்கு. ரூம் குளிருது, ரேடியேட்டர் சூடாகலையே. நாளைக்குச் சொல்றேன். அவ்வளவுதான். சண்டை இல்லை, சண்டை போடவும் விஷயம் வேண்டுமே. அவள் பல் கட்டும் பட்டறையில் நாள் முழுக்க மெழுகையும் பீங்கானையும் பார்த்துவிட்டு வருகிறாள், நான் கம்பி வடங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். வியாழன் சாயங்காலம் மட்டும் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்ப்பாள் — அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று. கல்லூரியில் ஒரு மேசையில்தான் அவளைச் சந்தித்தேன். அதே பார்வை. அந்த ஒரு நாளையும் நானே எடுத்துவிட்டால் எங்களிடம் என்ன மிச்சம்? ரேடியேட்டர்.

அக்டோபர் 12, வியாழன்

பெரிய தப்பு செய்துவிட்டேன். சிரிப்பும் வருகிறது.

எதுவும் தயாரிக்கவில்லை. ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கடக்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்: கரையில் ஒரு குடிசை, கதவைத் தட்டுகிறீர்கள், தோணிக்காரன் ஒப்ரான் திறக்கிறான். ஒப்ரானுக்கென்று நான் வைத்திருக்கும் கரகரப்பில் இருமிவிட்டு, "இந்த மழையில எவன்டா கிளம்பச் சொன்னான் உங்கள" என்று பேசினேன்.

ஸெனோன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். லுத்விகா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எதையாவது கொட்டிவிட்டேனோ என்று மேசையைப் பார்த்தேன்.

பிறகுதான் உறைத்தது. ஒப்ரான் செத்துவிட்டான். நாலு வருடம் முன்பு, இவர்களை அக்கரை சேர்க்கும்போது, அம்பு பட்டு. அந்தச் சாவை இரண்டு மணி நேரம் சொன்னவன் நானே. போக்னாவின் பாத்திரம் சாவா என்ற வைத்தியக்காரி. அவள்தான் தன் கையாலேயே குழி தோண்டினாள். அன்று போக்னா நிஜமாகவே குளியலறைக்குள் போய் அழுதாள், மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டாள். அதை நான் மறந்திருக்கிறேன். எப்படி? எப்படிடா மறப்பே?

ஐயோ, தப்பு, ஒப்ரான் இல்லை, வேறு ஒருத்தன் என்று சொல்லியிருக்கலாம். இந்த ஆட்டம் நடத்துகிற எல்லோருக்கும் நாக்கு புரளும், ஒரு சிரிப்போடு போயிருக்கும். மூன்று விநாடி வேலை. அதற்குள் ஸெனோன் மேசையில் ஓங்கி அடித்தான்.

"படுபாவி! நாலு வருஷமா வயித்துக்குள்ள வச்சிருந்தியாடா இத?"

போக்னா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை. என் வாய் தானாக, ஆட்டம் நடத்துகிற எல்லோரும் பழகி வைத்திருக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்து, "பாக்கலாம்" என்றது.

அக்டோபர் 13, வெள்ளி

காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே போக்னா கேட்டாள்: "குழிக்குள்ள வச்சது யாரு அப்ப?"

"பாக்கலாம்."

"உன் பாக்கலாமத் தூக்கிக் குப்பையில போடு. அம்ப நான்தானே உருவுனேன். நாடி பாத்தேன். இல்ல."

எட்டு மணி பேருந்தை விட்டுவிட்டாள். எட்டே காலையும். நாங்கள் நாற்பது நிமிடம் பேசினோம். கடைசியாக எப்போது காலையில் அவ்வளவு பேசினோம் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 1, புதன்

அனைத்துப் புனிதர் திருநாள், ஊரே கல்லறைக்குப் போகும் நாள். பேருந்தில் நிற்க இடமில்லை, எல்லோர் மடியிலும் செவ்வந்திச் சட்டி. மாமனார் கல்லறையில் சருகு பெருக்கினோம், விளக்கு வைத்தோம். போக்னா கைகூப்பி நின்றாள். ஜெபம் சொல்கிறாள் என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு நானும் நின்றேன்.

"எமில், ஒண்ணு தோணுது. ஒப்ரான் குழியத் திரும்பத் தோண்டிப் பாத்தா?"

"உங்கப்பா முன்னாடி நின்னுக்கிட்டுக் கேக்குற கேள்வியா இது?"

"அப்பா இருந்திருந்தா அவரும் இதத்தான் கேட்டிருப்பாரு."

பக்கத்துக் கல்லறை அம்மாள் எங்களை முறைத்தாள். போக்னா என் கைக்குள் கையைக் கொடுத்துக்கொண்டாள், வாசல்வரை எடுக்கவில்லை. அந்தக் கை எனக்குக் கொடுத்ததா, நாலு வருடம் ரகசியம் காத்த எவனோ கெட்டிக்காரனுக்குக் கொடுத்ததா? அப்படி ஒருத்தன் இல்லவே இல்லை.

நவம்பர் 16, வியாழன்

குழியைத் தோண்டினார்கள். காலி என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல. லுத்விகா கூச்சலே போட்டாள்.

நவம்பர் 23, வியாழன்

அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. நான் கெட்டவனா? மூன்று பேரும் சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, என் மறதியைத் தின்றுவிட்டுப் போகிறார்கள். ஒருத்தராவது உனக்கு எப்படியிருக்கு எமில் என்று கேட்கிறார்களா? சரி, கேட்டால் மட்டும் சொல்லப் போகிறேனா.

டிசம்பர் 24, ஞாயிறு

மாமியார் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து. முதல் நட்சத்திரம் பார்த்துவிட்டு, மெல்லிய அப்பத்தை உடைத்து ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துச் சொன்னோம். எல்லோரும் உடம்பு நல்லா இருக்கணும், வேலை நல்லா போகணும். போக்னா என் அப்பத்தில் ஒரு துண்டு கிள்ளிக்கொண்டு காதோரம் வந்தாள்.

"அடுத்த வருஷமாவது ஒப்ரான் யாருன்னு எனக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்."

நான் அவளுக்கு என்ன வாழ்த்துவது? அப்போதே சொல்லிவிட வாயைத் திறந்தேன். மாமியார் கெண்டை மீன் தட்டை நீட்டினாள். தின்றேன். தொண்டையில் முள்.

ஜனவரி 14, ஞாயிறு

இணையத்தில் தேடினேன். என்னைப் போல ஆட்டம் நடத்திச் சலித்துப்போனவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள். ஓய்வு எடு. வேறு விதிகளில் ஆடிப் பார். வேறு யாரையாவது நடத்தச் சொல். புதிதாக ஏதாவது வாங்கு.

நீலப் பகடை ஒரு செட்டு வாங்கினேன். அழகாக இருக்கிறது. டப்பாவிலேயே இருக்கிறது.

ஆட்டத்தில் வைக்கும் ஈயப் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்க உட்கார்ந்தேன். ஒரு குதிரைக்கு ஒரு கால் அடித்தேன். தூரிகை காய்ந்துவிட்டது.

ஆற்றோரம் ஓடிப் பார்த்தேன். முழங்கால் வலி.

ஓய்வு எடு என்கிறார்களே, யாரிடமிருந்து எடுப்பது? ஒரு மாதம் வேண்டாம் என்று சொன்னால் போக்னா ஏன் என்பாள். களைப்பு என்றால், இவ்வளவு பெரிய கதையின் உச்சியில் களைப்பா என்பாள். அப்படியொரு கதையே கிடையாது என்று சொல்ல வேண்டி வரும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

சிறுவயதில் பிடித்த பண்டம் திகட்டிப்போனால் தட்டைத் தள்ளிவிடலாம். இது என் வீட்டில், என் மேசைமேல், என் மனைவியோடு சேர்ந்து இருக்கிறதே.

ஜனவரி 25, வியாழன்

எனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஆட்டத்தை ரத்து செய்தேன். போக்னா எலுமிச்சைத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே" என்றாள். பிறகு அடுத்த அறையில் உட்கார்ந்து பதினோரு வருடத்து ஆட்டக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லா வாரமும் நடந்ததை எழுதி வைப்பவள் அவள்தான். ஒன்பது நோட்டு. தாள் திரும்பும் சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். திருடன் மாதிரி இருந்தது எனக்கு.

பிப்ரவரி 8, வியாழன்

கொழுத்த வியாழன், தவக்காலத்துக்கு முன் வயிறு முட்டத் தின்கிற நாள். ஊர் முழுக்கப் பலகாரக் கடை வாசலில் வரிசை. ஸெனோன் டிராம் ஓட்டி முடித்துச் சீருடையோடு, ரோஜா ஜாம் வைத்துப் பொரித்த பொன்ச்கி பன் இரண்டு டஜன் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லோர் மூக்கிலும் சர்க்கரைத் தூள்.

நான் அட்டையை நிமிர்த்துவதற்குள் போக்னா, "இரு, இன்னைக்கு நான் மொதல்ல" என்றாள். நோட்டை எடுத்துப் படித்தாள். பதினோரு பக்கம்.

கண்டுபிடித்துவிட்டாளாம். பதினோரு வருடத்தில் ஒப்ரான் இருபத்தாறு முறை வந்திருக்கிறான். ஒரு முறைகூடத் தோணியைவிட்டு இறங்கியதில்லை. கரையில் கால் வைத்ததில்லை. நெருப்புப் பக்கம் கூப்பிட்டபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னான். தேதி போட்டு, வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்திருந்தாள். ஆறு அவனைப் பிடித்து வைத்திருந்தது. உயிரோடு இருந்தவரை விடவில்லை. அவளுடைய வைத்தியக்காரி சாவா அவனைத் தண்ணீரில் விடாமல் மண்ணில் புதைத்தாளே, அன்றுதான் விடுதலை. அதனால்தான் இப்போது கரையில் குடிசை. அதனால்தான் கதவைத் திறந்தான்.

"நான் தோண்டுன குழிதான் அவன வெளிய விட்டுச்சு" என்று முடித்தாள். குரல் உடைந்தது.

லுத்விகா அழுதாள். ஸெனோன் கைதட்டினான், சர்க்கரை பறந்தது. "கெட்டிக்காரிடி நீ! எமிலு, சொல்லுடா. சரிதானே?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். இவ்வளவு அழகாக நான் ஒருநாளும் எதையும் யோசித்ததில்லை. அவன் கரையில் இறங்காதது தற்செயல். நான் சொல்ல மறந்தது, சோம்பல், அவ்வளவுதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினோரு வருடமும் எனக்குச் சொந்தமாகிவிடும்.

போக்னாவின் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பெண்ணும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. முடியல, என்ன பண்றது?

"அவன் செத்தது எனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

"என்னது?"

"அக்டோபர்ல. பேர் சொல்லணும்னு வந்துச்சு, வாய்ல வந்த பேரச் சொன்னேன். ரகசியம்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு ரெண்டு வருஷமா இது புடிக்கல. பகடையக்கூடப் பாக்குறதில்ல நான்."

லுத்விகா விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஸெனோன் சீருடைத் தொப்பியை எடுத்தான், மறுபடி வைத்தான். போக்னா நோட்டை மூடினாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

"நாலு மாசம்" என்றாள். சமையலறையில் நின்றபடியே.

"சொல்ல நெனச்சேன்."

"எப்ப? கல்லறையிலயா? அப்பம் ஒடச்சப்பவா? ஒரு விஷயம் கண்டுபுடிச்சா, ஐயோ எமில்கிட்ட சொல்லணுமேன்னு ஓடி வருவேன். பட்டறையில பல்லு கோணலாயிருச்சு உன்ன நெனச்சு. நான் யாருகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன் எமில்?"

"எங்கிட்டதான்."

"நீ உள்ள இல்லையே."

"இருந்தேன். ஒப்ரான் கதையக் கேக்கல, உன் பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ பேசுனியே, அது நின்னுரக்கூடாதுன்னுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "அதச் சொல்லியிருக்கலாம்ல. மொதல் நாளே அத மட்டும் சொல்லியிருக்கலாம்ல."

போகும்போது கதவை அறைந்துகூடச் சாத்தவில்லை.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். ஹெரிங் மீனும் உருளைக்கிழங்கும். சாப்பிட்டோம். அவள் நெற்றியில் சாம்பல் இருந்தது. எனக்கு இல்லை, நான் கோவிலுக்குப் போகவில்லை. ரேடியேட்டர் நன்றாகச் சூடாகிறது. அதைப் பற்றிப் பேசவும் வழியில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஸெனோன் போன் செய்தான். திட்டப் போகிறான் என்று தயாராக எடுத்தேன்.

"டேய், கேளு. மறந்தது நீ. ஆனா வந்தது அவன்ல? கதவத் தொறந்தானா இல்லையா? நாங்க மூணு பேரும் பாத்தோம். நீ மறந்துட்டேன்னு சொன்னதுக்காக அவனத் திரும்பக் குழிக்குள்ள தள்ள முடியாது."

"எனக்கு முடியாதுடா ஸெனோன். நெசமாவே முடியாது."

"உன்ன எவன் கூப்ட்டான்? போக்னா நடத்துறா. எங்க வீட்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. போக்னா என்னிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

கட்டடத்தின் அடித்தள அறையிலிருந்து என் ஆட்டப் பெட்டிகள் இரண்டையும் மேலே தூக்கி வந்தேன். வரைபடம், பெயர்ப் பட்டியல், ஊர்கள், காய்கறி விற்கிறவளின் குடும்பக் கதை. போக்னா மேசையில் வைக்கச் சொன்னாள். மறைப்பு அட்டையையும் கொடுத்தேன். மூலைகள் நைந்துபோய், என் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் படமே அழிந்திருந்தது.

"இது வேணாம். அட்டை வச்சுக்காமத்தான் உருட்டப் போறேன். எல்லாரும் பாக்கட்டும்" என்றாள்.

சரியான அடி. வலித்தது. நியாயம்தான்.

பிப்ரவரி 22, வியாழன்

அவள் கிளம்பிப் போனாள். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வந்தது, பத்து நிமிடம் இருந்தது. முட்டை பொரித்தேன். ஹூபர்ட்டைக் கூப்பிட்டேன், அவனுக்கு வேறு வேலை.

பதினோரு வருடம். அது போனதற்கு நான் அழ வேண்டாமா? அழுகை வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

போக்னா காலையிலிருந்து எழுதுகிறாள். வரைபடம் போடுகிறாள். என்னுடைய ஞாயிறு அவளிடம் போய்விட்டது. நான் துணி காயப்போட்டேன்.

மார்ச் 7, வியாழன்

ஒன்றுமில்லை.

மார்ச் 17, ஞாயிறு

தேநீர் கொண்டுபோய் வைத்தேன். எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை முழங்கையால் மறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பரீட்சையில் மறைப்பார்களே, அப்படி. என்னிடமிருந்து.

போய்விட நினைத்துத் திரும்பியவன், நின்று கேட்டுவிட்டேன். "ஒப்ரான் யாரு? நீ அன்னைக்குச் சொன்னதுதானா, ஆறு புடிச்சு வச்சிருந்தது?"

"அது நான் ஆடுறப்ப நெனச்சது. நடத்துறப்ப வேற."

"என்ன வேற?"

"மேசையில வந்து உக்கார்றவங்களுக்குத்தான் சொல்லுவேன்."

"என்னால வர முடியாது போக்னா."

"தெரியும். வரச் சொல்லல."

கோபமாகச் சொல்லவில்லை. லேசாகக்கூட இருந்தது. நான்தான் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கதையில் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது, அது எனக்கு இல்லை என்றாகிவிட்ட பிறகு.

அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எமில். லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுன்னா, உள்ள மாட்டிக்கிட்டவங்க மொதல்ல என்ன கேப்பாங்க?"

கல்யாணமாகி இந்தப் பதினான்கு வருடத்தில் என் வேலையைப் பற்றி அவள் எதுவும் கேட்டதில்லை. எனக்காகக் கேட்கிறாளா, வியாழனுக்காகக் கேட்கிறாளா? எந்தச் சுரங்கத்தில் எவனை அடைக்கப் போகிறாளோ.

"மணி என்னன்னு கேப்பாங்க" என்றேன். "கையில கடிகாரம் கட்டியிருந்தாலும்."

"ஏன்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொன்னேன். அவள் முழங்கையை எடுக்காமலேயே எழுதிக்கொண்டாள். தேநீர் ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.